பீடமும் பிரசங்க மேடையும்: கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள், மேற்குலகம்

கேள்வி இதுதான்: கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு, அது மேற்கத்திய நாகரிகத்தை எந்த அளவுக்கு உருவாக்கியது?

இதற்கு வழக்கமான பதில் ஒன்று கைவசம் இருக்கிறது. கத்தோலிக்கம் என்றால் கட்டுப்பாடு, பழமை, போப்பாண்டவர். புராட்டஸ்டண்ட் என்றால் சுதந்திரம், உழைப்பு, அறிவியல், முதலாளித்துவம். பள்ளியில் சமயச் சீர்திருத்தப் பாடம் படித்தவர்களில் பலர் இந்த எண்ணத்தோடுதான் வெளியே வருகிறார்கள். இதில் பாதி உண்மை. மீதி, 19ஆம் நூற்றாண்டில் செழித்திருந்த வட ஐரோப்பிய நாடுகள் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்ட பெருமை. என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இரு தரப்பும் விரும்பிச் செய்தவற்றைவிட, அவர்கள் நினைத்தும் பார்க்காத பின்விளைவுகள்தான் மேற்குலகை அதிகம் மாற்றின.

முதலில் வேறுபாட்டைப் பார்ப்போம். திரித்துவம், சிலுவை மரணம், உயிர்த்தெழுதல், நிசேயா விசுவாச அறிக்கை ஆகியவற்றில் இருவருக்கும் தகராறு இல்லை. கடவுளின் அருள் மனிதனுக்கு எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதில்தான் தகராறு. கிறிஸ்து நிறுவிய திருச்சபை வழியாக, ஞானஸ்நானம், நற்கருணை போன்ற அதன் ஏழு அருட்சாதனங்கள் வழியாக, அவற்றை நிறைவேற்றும் குருக்கள் வழியாக என்பது கத்தோலிக்கப் பதில். விசுவாசத்தால் மட்டுமே மனிதன் நீதிமான் ஆகிறான், வேதமே இறுதி அளவுகோல், கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவே கிறிஸ்துவைத் தவிர வேறு மத்தியஸ்தர் தேவையில்லை என்பது புராட்டஸ்டண்ட் பதில். கத்தோலிக்கரும் கடவுளின் அருளே தொடக்கம் என்றுதான் சொல்கிறார்கள். மோட்சத்தை நற்செயலால் விலைக்கு வாங்கலாம் என்று அவர்கள் போதிப்பதாகச் சொல்வது அவதூறு. ஆனால் அந்த அருளோடு மனிதன் ஒத்துழைக்க வேண்டும், அவன் செயலுக்கும் அதில் பங்குண்டு என்பார்கள்.

மற்ற வேறுபாடுகள் எல்லாம் இந்த வேரிலிருந்து கிளைத்தவையே. ஆலயத்துக்குள் நுழைந்தாலே தெரிந்துவிடும். கத்தோலிக்க ஆலயத்தில் பார்வை நேராகப் பீடத்துக்குப் போகும். அங்கே நற்கருணைப் பேழை, அருகில் அணையாத விளக்கு, சுற்றிலும் மாதாவும் புனிதர்களும், ஓரத்தில் குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டி. ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வின் வழிவந்த ஆலயத்தில் வெள்ளைச் சுவர், நடுநாயகமாகப் பிரசங்க மேடை, அதன்மேல் விரித்து வைத்த வேதாகமம். பீடத்தில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்றால், அதைச் செய்விக்கக் குருத்துவம் பெற்றவர் வேண்டும். அவரைத் திருநிலைப்படுத்த ஆயர் வேண்டும். ஆயர்களுக்கு மேல் ரோமாபுரி வேண்டும். அந்த முதல் கண்ணி அறுந்துவிட்டால் போதகர் என்பவர் வேதம் படித்த ஒரு விசுவாசி, அவ்வளவே. அவர் மணமுடிக்கலாம், குடும்பம் நடத்தலாம். சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தரே ஒரு முன்னாள் கன்னியாஸ்திரீயை 1525இல் மணந்தார். வேதாகமத்திலும் வேறுபாடு உண்டு. கத்தோலிக்கருக்கு 73 நூல்கள், புராட்டஸ்டண்டுகளுக்கு 66. விடுபட்டவற்றில் மக்கபேயர் இரண்டாம் நூலும் ஒன்று. இறந்தவர்களின் பாவம் நீங்க வேண்டுவதைப் பற்றிப் பேசும் பகுதி அதில்தான் வருகிறது என்பதைக் கவனித்தால், இதன் பின்னிருந்த சண்டை புரியும்.

அந்தச் சண்டை தொடங்கிய கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் இறையியலைப் போலவே கடன் கணக்கும் இருந்தது. ஹோஹென்சொல்லர்ன் குடும்பத்து ஆல்பிரெக்ட் 1514இல் மைன்ஸ் நகரின் பேராயரானார். வயது இருபத்து நான்கு. திருச்சபைச் சட்டப்படி அந்தப் பதவிக்கு வயது போதாது. ஏற்கெனவே வேறு இரண்டு மறைமாவட்டங்கள் கையில் இருந்தன. விதிவிலக்குக்காக ரோமுக்குப் பெரும் பணம் கட்ட வேண்டியிருந்தது. அதை அவர் ஆக்ஸ்பர்கின் ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் கடனாக வாங்கினார். கடனை அடைக்க வழியும் செய்து தரப்பட்டது. புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்கென்று பாவமன்னிப்புச் சீட்டு விற்கலாம்; வசூலில் பாதி ரோமுக்கு, பாதி ஃபுக்கர் கடனுக்கு. விற்பனைக்கு வந்தவர் யோஹான் டெட்செல் என்ற டொமினிக்கன் துறவி. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு இன்னும் மிச்சமிருக்கும் தண்டனையைத்தான் அந்தச் சீட்டு குறைக்கும் என்பது இறையியலாளர்கள் சொன்ன நுணுக்கம். சந்தைக் கூட்டத்துக்கு அந்த நுணுக்கம் எட்டவில்லை. எட்டவைக்க டெட்செல்லும் அவசரப்படவில்லை.

சாக்சனி ஆட்சியாளர் பிரெடரிக் தம் எல்லைக்குள் டெட்செல்லை விடவில்லை. பக்திதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். விட்டன்பெர்க் கோட்டை ஆலயத்தில் அவரிடமே ஆயிரக்கணக்கான புனிதப் பண்டங்கள் இருந்தன. அவற்றைத் தரிசிக்க வருபவர்களுக்கும் அதே பலன் வாக்களிக்கப்பட்டிருந்தது. போட்டிக் கடை எதற்கு? ஆனாலும் விட்டன்பெர்க் மக்கள் எல்லை தாண்டிப் போய்ச் சீட்டு வாங்கி வந்து, அந்தத் துணிச்சலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தார்கள். அவர்களைக் கண்ட அகஸ்தீன் சபைத் துறவியும் பேராசிரியருமான மார்ட்டின் லூத்தர் 1517 அக்டோபர் 31 அன்று 95 கருத்துகளை இலத்தீனில் எழுதினார். ஆலயக் கதவில் ஆணியடித்தாரா என்பதில் வரலாற்று ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அன்றே ஆல்பிரெக்ட்டுக்குக் கடிதத்தோடு அனுப்பினார் என்பது உறுதி. அவர் கேட்டது விவாதம். புதுச் சபை தொடங்கும் எண்ணம் அன்று அவருக்கு இல்லை.

அச்சு இயந்திரம் அதை இரண்டே மாதத்தில் ஜெர்மன் நாடெங்கும் கொண்டுபோனது. அச்சுக்கலை புராட்டஸ்டண்டுகளின் ஆயுதம் என்று எழுதுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அச்சு முறையை உருவாக்கிய கூட்டன்பெர்கின் ஊரான மைன்ஸில் 1450களில் வேதாகமத்தோடு சேர்ந்து அச்சேறியவற்றுள் பாவமன்னிப்புச் சீட்டும் உண்டு.

வேதமே அளவுகோல் என்றால், வேதத்துக்கு யார் சொல்லும் பொருள் சரி? 1529இல் மார்பர்க் கோட்டையில் லூத்தரும் சூரிச் நகரின் சுவிங்கிலியும் சந்தித்தபோது இந்தக் கேள்வி வெடித்தது. பேச்சு தொடங்கும் முன்பே லூத்தர் மேசைமீது சுண்ணக்கட்டியால் ‘இது என் உடல்’ என்று இலத்தீனில் எழுதிவைத்துக்கொண்டார். சுவிங்கிலிக்கு அது அடையாளம் மட்டுமே. பதினைந்து விஷயங்களில் பதினான்கில் உடன்பாடு, நற்கருணையில் இல்லை. பிரிந்து போனார்கள். லூத்தரன், கால்வினிஸ்ட், ஆங்கிலிக்கன், பாப்திஸ்து, மெதடிஸ்ட், பின்னாளில் பெந்தேகோஸ்தே என்று பெருகிய பிரிவுகளுக்கு முன்னோட்டம் அது. ஆகவே ‘புராட்டஸ்டண்டுகள் என்ன நம்புகிறார்கள்’ என்று ஒருமையில் கேட்பதே சிக்கல். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1534இல் ரோமோடு முறித்துக்கொண்டது இறையியலுக்காக இல்லை, வாரிசுக்காக. லூத்தரைக் கண்டித்து நூல் எழுதியதற்காக அவருக்குப் போப்பாண்டவர் பட்டமே கொடுத்திருந்தார்.

இனித் தாக்கத்துக்கு வருவோம். என் கணக்கில் முதல் இடம் எழுத்தறிவுக்கு. அதற்கு ஸ்வீடனைவிட நல்ல சான்று கிடையாது. 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், குழந்தைகளும் வேலைக்காரர்களும் உட்பட எல்லோரும் வாசிக்கக் கற்க வேண்டும் என்றது. கற்றுக்கொடுக்கும் பொறுப்பு குடும்பத் தலைவருக்கு. ஆண்டுதோறும் போதகர் ஊர் ஊராக வந்து, பண்ணை வீடு ஒன்றில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்வார். லூத்தரின் போதனைச் சுருக்க நூலான சிறிய ஞானோபதேசத்தை ஒப்பிக்கச் சொல்வார், பொருள் புரிகிறதா என்று கேட்பார். யார் எவ்வளவு தேறினார் என்று பதிவேட்டில் குறித்துக்கொள்வார். அந்தப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. ஞானோபதேசம் தெரியாதவருக்குத் திருவிருந்து (நற்கருணை) இல்லை. திருவிருந்து இல்லாதவருக்குத் திருமணமும் இல்லை. இதைவிட வலுவான தேர்வுக் கட்டாயம் இருக்க முடியுமா? ஸ்வீடனில் கட்டாயப் பள்ளிச் சட்டம் வந்தது 1842இல்தான். அதற்கு வெகு காலம் முன்பே, ஏழை நாடான அங்கே ஆணும் பெண்ணும் பெரும்பாலோர் வாசிக்கத் தெரிந்தவர்கள். எழுதத் தெரிந்தவர்கள் மட்டும் சொற்பம். வேதத்தை வாசித்தால் போதும், எழுதுவது எதற்கு என்பதுதான் சட்டத்தின் பார்வை. அறிவொளி இயக்கம் நடத்துவதாக அங்கே யாரும் நினைக்கவில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1647ஆம் ஆண்டுச் சட்டமும் இதே போக்குதான். மக்களை வேதத்திலிருந்து விலக்கி வைப்பதே சாத்தானின் பழைய சூழ்ச்சி, ஆகவே ஐம்பது குடும்பம் உள்ள ஊர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்றது.

கத்தோலிக்கத் தரப்பில், தாய்மொழி வேதாகமம் சந்தேகத்துக்குரிய பொருளானது. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் அது நெடுங்காலம் தடைப்பட்டியலில் இருந்தது. அதற்கு அந்த நாடுகள் கொடுத்த விலையும் பெரிது. ஆனால் கதையை அங்கே நிறுத்துவது நியாயமல்ல. திரெந்து பொதுச்சங்கம் (1545–1563) குருக்களுக்கு முறையான குருமடக் கல்வியைக் கட்டாயமாக்கியது. 1540இல் அங்கீகாரம் பெற்ற இயேசு சபை ஐரோப்பா முழுவதும் கல்லூரிகளைத் திறந்தது. பாடத்திட்டம், வகுப்புப் படிநிலை, தேர்வு முறை எல்லாம் வகுத்து 1599இல் அதை ஒரே விதிமுறையாக வெளியிட்டார்கள். தத்துவ அறிஞர் தெக்கார்த் படித்தது இயேசு சபைப் பள்ளியில். திருச்சபையைக் கேலி செய்தே பெயர் வாங்கிய வோல்த்தேரும் அவர்களிடம் படித்தவர்தான். லூத்தர் இல்லாவிட்டால் கத்தோலிக்கத் திருச்சபை இவ்வளவு வேகமாகத் தன்னைச் சீர்செய்துகொண்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இந்தப் போட்டியின் அலை நம் கரைக்கும் வந்தது. இயேசு சபையின் ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் கொல்லத்தில் 1578இல் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் ஒரு ஞானோபதேச நூல். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த லூத்தரன் போதகர் சீகன்பால்கு அச்சகம் வரவழைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் கொண்டுவந்தார். 1715இல் அது நிறைவுற்றது. முன்னவர் கொண்டுவந்தது போதனைச் சுருக்கம், பின்னவரின் பெரும் பணி வேதம். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், தரங்கம்பாடி லூத்தரன்களை மறுத்தும் காரசாரமாக எழுதினார். ஐரோப்பியச் சண்டையால் தமிழ் உரைநடைக்குக் கிடைத்த லாபம் அது.

அடுத்து, எல்லோரும் கேட்கும் முதலாளித்துவம். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904–05இல் முன்வைத்த வாதம் தெரிந்ததுதான். தான் மீட்புக்கு முன்குறிக்கப்பட்டவனா என்று தெரியாத கால்வினிஸ்ட், உழைப்பிலும் சிக்கனத்திலும் அதற்கான அறிகுறியைத் தேடினான். அந்த மனப்பாங்கு மூலதனத்தைப் பெருக்கியது. அழகான வாதம். ஆனால் வங்கித்தொழிலும் இரட்டைப் பதிவுக் கணக்கும் வளர்ந்தது கத்தோலிக்க இத்தாலியில். மேலே பார்த்த ஃபுக்கர் குடும்பமும் கத்தோலிக்கர்களே. 19ஆம் நூற்றாண்டுப் பிரஷ்யாவின் மாவட்டக் கணக்குகளை ஆராய்ந்து சாஷா பெக்கர், லுட்கர் வூஸ்மன் என்ற இரு பொருளியலாளர்கள் 2009இல் வெளியிட்ட முடிவு எனக்கு ஏற்புடையது. புராட்டஸ்டண்ட் மாவட்டங்கள் செழிப்பாக இருந்தது உண்மை. ஆனால் அவற்றின் கூடுதல் எழுத்தறிவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அந்த இடைவெளியில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. தனி உழைப்பு நெறி என்று ஒன்றைத் தேட வேண்டியதில்லை. வாசிக்கத் தெரிந்த தையல்காரரும் கொல்லரும் போதும்.

அறிவியலில் ‘கலிலியோவை ஒடுக்கியது கத்தோலிக்கம், ஆகவே அறிவியல் புராட்டஸ்டண்டுகளுடையது’ என்பது இன்னும் மெலிந்த வாதம். 1633 விசாரணை நடந்தது, வெட்கக்கேடானது, அதில் மறுப்பில்லை. ஆனால் பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதிய கோப்பர்நிக்கஸ் கத்தோலிக்கப் பேராலயக் குழு உறுப்பினர். அவரை நூல் வெளியிடச் சம்மதிக்க வைத்தவர் லூத்தரின் விட்டன்பெர்கிலிருந்து வந்த இளம் கணிதப் பேராசிரியர் ரெட்டிகஸ். 1543இல் அது அச்சானது லூத்தரன் நகரமான நூரம்பெர்கில். சமர்ப்பணம் போப்பாண்டவர் மூன்றாம் பவுலுக்கு. 1616இல் ரோம் அதைத் தடைப்பட்டியலில் வைத்தது. வானியலாளர் கெப்ளர் லூத்தரன். கத்தோலிக்கராக மாற மறுத்ததால் கிராஸ் நகரிலிருந்து துரத்தப்பட்டார். கத்தோலிக்கப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அரசவைக் கணிதரானார். பிறகு லின்ஸ் நகரில் சொந்த லூத்தரன் போதகரே அவருக்குத் திருவிருந்து மறுத்தார். யாரை எந்தப் பக்கம் சேர்ப்பது?

பகைமையின் முட்டாள்தனம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு நாள்காட்டியே சாட்சி. பழைய ஜூலியன் கணக்கு வானத்தோடு பத்து நாள் பிசகியிருந்தது. போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி 1582இல் அதைத் திருத்தினார். அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. இயேசு சபையின் கணிதர் கிளாவியஸ் போன்றோர் போட்ட கணக்கு, கணக்காகப் பார்த்தால் சரியானதுதான். ஆனால் கொடுத்தவர் போப்பாண்டவர் ஆயிற்றே! இரு சபையாரும் கலந்து வாழ்ந்த ஆக்ஸ்பர்கில் 1584இல் இதற்காகக் கலவரமே நடந்தது. ஜெர்மன் புராட்டஸ்டண்ட் பகுதிகள் 1700 வரை இழுத்தடித்தன. இங்கிலாந்து 1752இல்தான் இறங்கி வந்தது. அதற்குள் பிசகு பதினொரு நாளாகியிருந்தது. நியூட்டன் இங்கிலாந்துக் கணக்கில் 1642 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் அது 1643 ஜனவரி 4.

சகிப்புத்தன்மை இரு தரப்பும் போதித்ததால் வந்தது என்று சொல்வாரும் உண்டு. எனக்கு அது ஒப்புதலில்லை. பிரான்சில் 1572இல் புனித பர்த்தலோமேயு நாளில் புராட்டஸ்டண்டுகள் படுகொலை செய்யப்பட்டார்கள். கால்வினின் ஜெனீவாவில் 1553இல் திரித்துவத்தை மறுத்த செர்வெட்டஸ் உயிரோடு எரிக்கப்பட்டார். 1555 ஆக்ஸ்பர்க் உடன்பாடு கொடுத்த சுதந்திரம் ஆட்சியாளருக்கு மட்டும்: அரசன் எந்தச் சபையோ குடிகளும் அந்தச் சபை. பிறகு முப்பதாண்டுப் போர் (1618–1648) ஜெர்மனியைச் சூறையாடியது. அந்தப் போரில் பிரான்சின் முதலமைச்சரான கத்தோலிக்கக் கர்தினால் ரிஷலியே, கத்தோலிக்கப் பேரரசரை மடக்குவதற்காக லூத்தரன் ஸ்வீடனுக்குப் பணம் கொடுத்தார். அரச நலன் சமயத்தை முந்திய இடம் அது. களைத்துப்போய்த்தான் 1648இல் வெஸ்ட்ஃபாலியாவில் கையெழுத்திட்டார்கள். அங்கே பிறந்த ஏற்பாடுகளில் ஒன்று வேடிக்கையானது. ஓஸ்னாப்ரூக் மறைமாவட்டத்துக்கு ஒரு முறை கத்தோலிக்க ஆயர், அடுத்த முறை லூத்தரன் ஆயர் என்று மாறி மாறி வருவார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் இதைவிட நடைமுறையான வழி கண்டார்கள். கால்வினிஸ்ட் ஆட்சியில் கத்தோலிக்கர் வெளிப்படையாகத் திருப்பலி நடத்தத் தடை. யான் ஹார்ட்மன் என்ற கத்தோலிக்க வணிகர் கால்வாய்க் கரையில் வீடு வாங்கி, அதன் மேல்மாடிகளையும் பின்புற வீடுகளின் மாடிகளையும் இணைத்து 1663இல் முழு ஆலயத்தையே கட்டி முடித்தார். பீடம், மாடங்கள், எல்லாம் பரணில். தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. அதிகாரிகளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெருவில் தெரியாதவரை கண்டுகொள்ளமாட்டார்கள். அதற்குப் பணமும் கைமாறியது. அந்த ஆலயம் இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது. மதச்சுதந்திரத்தின் முதல் வடிவம் உரிமைச் சாசனத்தைவிட இந்தப் பரணையே அதிகம் ஒத்திருந்தது. சாசனம் பின்னால் வந்தது. எந்தச் சபையும் மற்றவற்றை அடக்கும் பலம் பெறாத அமெரிக்காவில், 1791ஆம் ஆண்டு முதல் சட்டத்திருத்தமாக.

சகிக்காதவர்கள் இழந்ததும் உண்டு. பதினான்காம் லூயி 1685இல் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளின் உரிமைகளை ரத்து செய்தபோது, ஒன்றரை முதல் இரண்டு லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவும் பெர்லினின் கைத்தொழில்களும் அவர்களால் தழைத்தன.

கலையைப் பற்றி விரிக்கத் தொடங்கினால் முடியாது. சுருக்கமாக: உருவங்களை அகற்றிய இடங்களில் ஓவியர்கள் சந்தையை நம்பிக் குடும்பக் காட்சிகளையும் நிலக்காட்சிகளையும் வரைந்தார்கள், அதுவே டச்சு ஓவியத்தின் பொற்காலம். ரோமில் பெர்னினி பளிங்கைப் பேசவைத்தார். லூத்தரன்கள் உருவங்களை விட்டுவைத்ததோடு சபையார் எல்லோரையும் பாடவும் வைத்தார்கள். அந்தப் பாட்டிலிருந்து இசையமைப்பாளர் பாஹ் வந்தார். அவர் கத்தோலிக்க டிரெஸ்டன் அரசவைக்காக 1733இல் எழுதிய இலத்தீன் திருப்பலி இசை பின்னாளில் அவருடைய மிகப் பெரிய படைப்பின் முதற்பகுதியானது.

மனித உரிமைச் சிந்தனையிலும் ஒரு தரப்புக்கு மட்டும் மாலை போட முடியாது. அமெரிக்கப் பழங்குடியினருக்கும் உடைமையும் ஆட்சியுரிமையும் உண்டு என்று 1539இல் ஸ்பெயினின் சலமன்காவில் வாதாடிய வித்தோரியா டொமினிக்கன் துறவி. அந்தப் பழங்குடியினரைச் சூறையாடிய பேரரசுக்கு ஆசி வழங்கியதும் அதே திருச்சபைதான்.

இன்றைய நிலை என்ன? இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) தாய்மொழித் திருப்பலிக்கு வழிவிட்டது. லூத்தர் கேட்டவற்றில் அதுவும் ஒன்று. 1999 அக்டோபர் 31 அன்று அதே ஆக்ஸ்பர்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதல் பற்றிய அடிப்படைகளில் உடன்பாடு கண்டு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நற்கருணையில் இன்னும் உடன்பாடு இல்லை. கணவர் லூத்தரன், மனைவி கத்தோலிக்கர் என்றால், இருவரும் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கப் பொது அனுமதி கிடையாது. அரசியலில் பழைய பயம் பெரும்பாலும் போய்விட்டது. 1960இல் ஜான் கென்னடி ஹூஸ்டனில் புராட்டஸ்டண்ட் போதகர்கள் முன் நின்று, தாம் போப்பாண்டவரின் சொல்லுக்கு ஆடும் அதிபராக இருக்கமாட்டேன் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இன்று அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். அதைப் பெரிய பிரச்சினையாக்குவோர் குறைவு. முழுக்க மறையாத இடம் பிரிட்டிஷ் அரியணை. கத்தோலிக்கரை மணந்தவர் முடிசூட முடியாது என்ற 1701ஆம் ஆண்டு விதியை 2013ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. ஆனால் கத்தோலிக்கராக இருப்பவர் அரியணை ஏற முடியாது என்ற விதியை அது தொடவில்லை.